பெயர் தெரியாத இசையின் பின்னால் போவது எப்படி: ஆம்பியன்ட், போஸ்ட்-ராக் தேடலுக்கு ஒரு முழு வழிகாட்டி

2009 வாக்கில் நண்பன் ஒருவன் ஒரு பென்டிரைவைக் கையில் திணித்தான். உள்ளே பதினோரு கோப்புகள். ‘டிராக் 01’ முதல் ‘டிராக் 11’ வரை. யார் வாசித்தது, எந்த ஊர், எந்த ஆண்டு, ஒன்றும் கிடையாது. அவனைக் கேட்டால் அவனுக்கும் தெரியவில்லை. வேறு யாரோ கொடுத்தது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். ஒன்றில் ஆர்கன் மாதிரி ஏதோ பத்து நிமிடம் மெல்ல ஊர்ந்தது. இன்னொன்றில் கிதார் வயலினைப் போல இழுத்து அழுதது, ஒருவன் எந்த மொழி என்றே பிடிபடாத மொழியில் பாடினான். பிடித்துப்போயிற்று. ஆனால் இதே மாதிரி இன்னும் கொஞ்சம் கேட்க ஆசைப்பட்டால் யாரைத் தேடுவது? பதினொன்றில் பத்துக்குப் பெயர் கண்டுபிடிக்க மூன்று வருடத்துக்கு மேல் ஆனது.

இன்றைக்கு அந்தக் கஷ்டம் இல்லை என்று தோன்றும். செயலியைத் திறந்து ‘தூக்கம்’, ‘படிப்பு’, ‘மழை’ என்று எதையாவது தட்டினால் மூன்று மணி நேரத்துக்கு இசை கொட்டுகிறது. காலையில் எழுந்து, நேற்று கேட்டதில் ஒரே ஒரு கலைஞரின் பெயர் சொல்லுங்கள் என்றால் முழிப்போம். அந்தப் பட்டியல்களில் வரும் பெயர்களையும் நம்ப முடியாது. ஸ்வீடனின் ஒரே இசையமைப்பாளர் 650-க்கும் மேற்பட்ட வேறு வேறு பெயர்களில் இப்படிப்பட்ட பட்டியல்களுக்கு இசை தந்ததாகவும், அவை சுமார் 1,500 கோடி முறை கேட்கப்பட்டதாகவும் அந்நாட்டு நாளிதழான டாகன்ஸ் நியூஹெட்டர் 2024இல் எழுதியது. அதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. ஆனால் அந்த 650 பெயர்களில் எதைப் பிடித்துக்கொண்டு போனாலும் அடுத்த ஆளிடம் போய்ச் சேர வழியில்லை. சுவரில் முட்டி நிற்போம்.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே காரியத்தைப் பற்றியது: மனநிலையை விட்டுவிட்டு ஆளைத் தேடுவது. ஒரு ஆள் கிடைத்தால் அவரோடு வாசித்தவர், பதிவுசெய்தவர், வெளியிட்டவர் என்று ஊரே கிடைக்கும்.

எதைத் தேடுகிறோம்?

1975 ஜனவரியில் லண்டனில் ஆங்கிலேய இசைக்கலைஞர் பிரையன் ஈனோவை ஒரு டாக்சி இடித்துத் தள்ளியது. வீட்டில் படுத்துக் கிடந்தவரைப் பார்க்க வந்த தோழி, பதினெட்டாம் நூற்றாண்டு ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அவர் போன பிறகு ஈனோ சிரமப்பட்டு எழுந்து தட்டைப் போட்டுவிட்டுத் திரும்பப் படுத்தபோதுதான் தெரிந்தது: ஒலி மிகக் குறைவு, ஸ்பீக்கரில் ஒரு பக்கம் வேலையே செய்யவில்லை. மறுபடி எழுந்து போகத் தெம்பில்லை. வெளியே மழை. மழைச் சத்தத்தின் நடுவே ஹார்ப்பின் பெரிய சுரங்கள் மட்டும் அங்கங்கே தலைகாட்டின. இசையை இப்படியும் கேட்கலாம், அறையின் ஒரு பகுதியாக, என்று அவருக்கு அப்போது பட்டது. அந்த வருடமே ‘டிஸ்கிரீட் மியூசிக்’ வந்தது. 1978இல் ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’. கூர்ந்து கேட்டாலும் சரி, கேட்காமல் விட்டாலும் சரி, இரண்டுக்கும் இடம் தரும் இசை என்று அதன் அட்டைக் குறிப்பில் விளக்கி, ஆம்பியன்ட் என்று பெயரும் வைத்தார்.

போஸ்ட்-ராக் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஆங்கிலேய விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ். 1994 மார்ச்சில் ‘மோஜோ’ பத்திரிகையில் பார்க் சைக்கோசிஸ் குழுவின் ‘ஹெக்ஸ்’ ஆல்பத்துக்கு எழுதிய விமர்சனத்தில் அதைப் பயன்படுத்தினார். சில வாரங்களில் ‘த ஒயர்’ பத்திரிகையில் விரிவாகவும் எழுதினார். ராக் குழுவின் அதே கிதார், பேஸ், டிரம்ஸ்தான். ஆனால் பல்லவி, சரணம், கிதார் சோலோ என்ற கணக்கு இல்லை. கிதாரின் வேலை இங்கே நிறம் பூசுவது. பெரும்பாலும் பாட்டும் இருக்காது. இந்தப் பெயர் ஒட்டிக்கொண்ட குழுக்கள் பலவற்றுக்கு இந்தப் பெயரே பிடிக்காது என்பது வேறு கதை.

இரண்டும் வெவ்வேறு வீடுகள்தான், ஆனால் கொல்லைப்புறம் ஒன்று. ஒன்றைத் தேடிப் போனால் மற்றதில் போய் நிற்பீர்கள்.

முதல் படி: செயலியின் அமைப்புகளை மாற்றுங்கள்

இதைச் செய்யாமல் ஆரம்பித்து, ‘போர் அடிக்கிறது’ என்று கைவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஷஃபிளை அணையுங்கள். ஒரு பாடல் முடியும்போது அடுத்ததைக் கலந்துவிடும் கிராஸ்ஃபேடையும் அணையுங்கள். இடைவெளியில்லாமல் ஓடவிடும் கேப்லெஸ் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். பாடல்களின் ஒலியளவைச் சமப்படுத்தும் வசதி ஒன்று இருக்குமே, அதை மறக்காமல் எடுத்துவிடுங்கள். இந்த இசையில் மெல்லியது மெல்லியதாகவும் பெரியது பெரியதாகவும் இருந்தால்தான் விஷயமே இருக்கிறது.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. கிளாஸ்கோவைச் சேர்ந்த மோக்வாய் குழுவின் முதல் ஆல்பமான ‘யங் டீம்’-இல் (1997) ‘லைக் ஹெராட்’ என்று ஒன்று உண்டு. முதல் சில நிமிடங்கள் கொசு ரீங்காரம் அளவுக்குத்தான் கேட்கும். சரியாகக் கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டினீர்களோ, தொலைந்தீர்கள். திடீரென்று கூரை இடிந்து விழுந்த மாதிரி வரும். நான் ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்தே விட்டேன். எந்த ஆல்பமானாலும் முதல் தடவை ஒலியைக் குறைத்தே வையுங்கள்.

விலை உயர்ந்த ஹெட்ஃபோன் வேண்டாம். கம்பி வைத்த சாதாரண ஹெட்ஃபோன் போதும், மின்விசிறியின் ஓசையை அது மறைத்தால் சரி. அதுகூட மறைக்காவிட்டால் ஆம்பியன்ட் கேட்பதற்குப் பெரிய குறையில்லை. மழையோடு கேட்டுத்தானே ஈனோவே ஆரம்பித்தார்.

இரண்டாம் படி: ஒரே ஒரு ஆல்பம், மூன்று முறை

இணையத்தில் ‘கேட்டே ஆகவேண்டிய 50’ என்ற பட்டியல் எளிதில் கிடைக்கும். வேண்டாம். ஒன்றே ஒன்றை எடுங்கள். எதை என்பதற்கு உங்கள் இப்போதைய ரசனையே வழிகாட்டும்.

பாட்டும் குரலும் இல்லாமல் உங்களால் முடியாது என்றால் ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ். 1999இல் வந்த ‘அகாய்டிஸ் பிர்யுன்’ நல்ல வாசல். பாடகர் யோன்சி கிதாரை வயலின் வில்லால் இழுத்து வாசிப்பார். பென்டிரைவில் நான் கேட்ட அழுகை அதுதான். 2002இல் வந்த அடுத்த ஆல்பத்துக்குப் பெயரே வெறும் அடைப்புக்குறி. எட்டுப் பாடல்கள், எதற்கும் தலைப்பு வைக்கவில்லை. பாடியிருப்பது பொருளில்லாத ஓசைகளாலான மொழி. உடன் வந்த சிறு புத்தகத்தின் பக்கங்கள் காலி. கேட்பவரே வரிகளை எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். நான் இரண்டு வருடம் தேடியலைந்த ‘டிராக் 03’ அதிலிருந்துதான். கடைசியில் அதற்குப் பெயர் இல்லை என்பதைக் கண்டுபிடித்தேன்!

ராக் இசை கேட்டுப் பழகிய காதுக்கு எக்ஸ்புளோஷன்ஸ் இன் த ஸ்கை. டெக்சாஸ்காரர்கள். 2003இல் வந்த அவர்களுடைய மூன்றாவது ஆல்பம் மொத்தமே ஐந்து பாடல்கள். எந்தக் கிதார் எது என்று பிரித்தறிய முயன்றுகொண்டே கேளுங்கள். மின்னிசை பிடிக்கும், ஆனால் நடனத்துக்கு இல்லை என்றால் ஸ்காட்லாந்துச் சகோதரர்கள் இருவர் நடத்தும் போர்ட்ஸ் ஆஃப் கனடா. 1998 ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். பழைய பள்ளிக்கூட ஆவணப்படம் ஒன்றை வெயிலில் மறந்து வைத்துவிட்டு, பிறகு ஓட்டிப் பார்த்த மாதிரி இருக்கும். குழுவின் பெயரே கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்திலிருந்து எடுத்ததுதான்.

தாளமே வேண்டாம், மெதுவாகத்தான் வேண்டும் என்பவர்கள் நேராக ஈனோவின் விமான நிலைய ஆல்பத்துக்கே போகலாம். அதை மூன்று முறை எப்படிக் கேட்பது என்று சொல்கிறேன். முதல் முறை வேறு வேலை பார்த்துக்கொண்டே ஓடவிடுங்கள். துணி மடியுங்கள், காய் நறுக்குங்கள். இரண்டாம் முறை படுத்துக்கொண்டு, வேறு எதுவும் செய்யாமல். மூன்றாம் முறை முதல் பக்கத்தின் இரண்டாவது பாடலை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்துகொண்டு கேளுங்கள்.

அதில் இருப்பவை மனிதக் குரல்கள். ஒவ்வொரு குரலும் ஒரே ஒரு சுரத்தை ‘ஆ’ என்று நீட்டுகிறது. ஒவ்வொன்றையும் தனித்தனி நாடாவில் பதிந்து, நாடாவின் இரண்டு முனைகளையும் ஒட்டி வளையமாக்கிவிட்டார் ஈனோ. வளையங்கள் நீளமானவை என்பதால் அறையிலிருந்த அலுமினியக் குழாய் நாற்காலிகளின் கால்களைச் சுற்றி ஓடவிட்டார்கள். ஒரு சுரம் 23½ வினாடிக்கு ஒருமுறை திரும்பி வரும். அடுத்தது 26 வினாடிக்குச் சற்றுக் குறைவு. இன்னொன்று ஏறக்குறைய 30. ஒரே பேருந்து நிலையத்திலிருந்து மூன்று தடத்துப் பேருந்துகள் வெவ்வேறு இடைவெளியில் புறப்படுவதை நினைத்துக்கொள்ளுங்கள். சில நேரம் இரண்டு சேர்ந்து நிற்கும், சில நேரம் நிலையமே காலியாக இருக்கும். எப்போது எது வரும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. இது தெரிந்தபின் அதே இசையைக் கேட்டால், வெறும் மூட்டமாக இருந்ததில் ஆட்கள் நடமாடுவது தெரியும்.

மூன்று முறையும் ஒட்டவில்லையா? சரி, விட்டுவிடுங்கள். அடுத்ததை எடுங்கள். கடமைக்காகக் கேட்க இது பரீட்சை இல்லை.

மூன்றாம் படி: அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். டிஸ்காக்ஸ் என்ற தளம் 2000இலிருந்து உலகத்து இசைத்தட்டுகளின் அட்டைகளை ஆவணப்படுத்திவருகிறது. ஒரு ஆல்பத்தின் பக்கத்தைத் திறந்து கீழே போனால் யார் என்ன வாசித்தார், எங்கே பதிவானது, யார் பதிவுசெய்தார், யார் இறுதி ஒலிச் சீரமைப்பு (மாஸ்டரிங்) செய்தார் என்று சிறிய எழுத்தில் இருக்கும். ஒவ்வொரு பெயரும் ஒரு கதவு. தட்டினால் அந்த ஆள் செய்த மற்ற வேலைகள் எல்லாம் வரும்.

ஒரு நூலை இழுத்துக் காட்டுகிறேன். தோக்கியோவின் மோனோ குழு 2009இல் வெளியிட்ட ‘ஹிம் டு த இம்மார்டல் விண்ட்’ ஆல்பத்தை எடுப்போம். முழு வாத்தியக் குழுவோடு வாசித்த, அழுதுகொண்டே மலையேறுகிற மாதிரியான இசை. பதிவுசெய்தவர் யார் என்று பார்த்தால் ஸ்டீவ் ஆல்பினி, சிகாகோ. அவர் பெயரைத் தட்டினால் 2001: மோக்வாயின் ‘மை ஃபாதர் மை கிங்’, யூத வழிபாட்டு மெட்டு ஒன்றை வைத்துக் கட்டிய இருபது நிமிட இசை. 2002: மொன்றியலின் காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர் குழுவின் ‘யான்க்வி யு.எக்ஸ்.ஓ.’ இன்னும் பின்னால் போனால் 1993, அமெரிக்க ராக் குழு நிர்வாணாவின் ‘இன் யூட்டரோ’. ஜப்பான், ஸ்காட்லாந்து, கனடா மூன்றும் ஒரே ஆளின் மைக்ரோஃபோன் முன்னால் நின்றிருக்கின்றன. தன்னைத் தயாரிப்பாளர் என்று அழைப்பதே ஆல்பினிக்குப் பிடிக்காது. ‘பதிவுசெய்தவர்’ என்று போட்டால் போதும் என்பார். ராயல்டி வாங்கமாட்டார், பேசிய கூலி மட்டும்தான். 2024 மே மாதம் காலமானார். டிரம்ஸ் அதே அறையில் நம் எதிரே அடிப்பதைப் போல எந்தப் பதிவிலாவது கேட்டால் இவர் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது எனக்கு இப்போது பழக்கமாகிவிட்டது.

இனி காட்ஸ்பீட். 2000இல் வந்த அவர்களுடைய இரட்டை ஆல்பத்தில் நான்கே பாடல்கள்; மொத்தம் 87 நிமிடம். கச்சேரியில் பேசமாட்டார்கள், பின்னால் 16 மி.மீ. படச்சுருள் ஓடும். முதல் எல்.பி.யின் உறைக்குள் ரயில் ஏறி நசுங்கிய செப்புக்காசு ஒன்றை வைத்துக் கொடுத்தவர்கள் இவர்கள். இவர்களோடு நெருங்கிய தொடர்புள்ள ஒலிப்பதிவுக்கூடம் ஹோட்டல்2டேங்கோ. கூடத்தின் பெயரைத் தட்டுங்கள். ஆர்கேட் ஃபயர் குழுவின் முதல் ஆல்பமான ‘ஃபியூனரல்’ அங்கே பதிவானதுதான். அந்தக் கூடத்தின் பங்குதாரர்களில் ஒருவரான ரத்வான் மூம்னே, ஜெரூசலம் இன் மை ஹார்ட் என்ற பெயரில் அரபு இசையையும் மின்னிசையையும் பிணைப்பவர். கிதார் முழக்கத்தில் தொடங்கினோம், பத்து நிமிடத்தில் புசுக் என்ற தந்தி வாத்தியத்துக்கும் அரபுப் பாட்டுக்கும் வந்துவிட்டோம். எந்தச் செயலியும் இந்த வழியில் உங்களைக் கூட்டிப்போகாது.

இடத்தையும் கவனியுங்கள். இந்த இசையில் அறையும் ஒரு வாத்தியம். டிம் ஹெக்கரின் ‘ரேவ்டெத், 1972’ (2011) ரெய்க்யாவிக்கின் தேவாலயம் ஒன்றில், அங்கிருந்த பைப் ஆர்கனை வைத்துப் பதிவானது. அமெரிக்க இசையமைப்பாளர் பாலின் ஒலிவெரோஸும் நண்பர்களும் 1988இல் வாஷிங்டன் மாநிலத்தில் பூமிக்கடியில் இருந்த பெரிய நீர்த்தொட்டிக்குள் இறங்கி வாசித்தார்கள். ஒரு சுரத்தை ஊதி நிறுத்தினால் அது அடங்க 45 வினாடி. அடுத்த சுரத்தை முந்தைய சுரத்தின் ஆவியோடு சேர்த்துத்தான் வாசிக்க முடியும். ‘டீப் லிசனிங்’ (ஆழ்ந்து கேட்டல்) என்ற ஆல்பப் பெயர் இந்த நிலத்தடிச் சிலேடையிலிருந்து வந்ததுதான்.

நான்காம் படி: லேபிளைக் கடையாக நினையுங்கள்

லேபிள் என்றால் ஆல்பத்தை வெளியிடும் நிறுவனம். பெரிய நிறுவனங்களின் லேபிள் முத்திரைக்கு ரசனை கிடையாது, எல்லாவற்றையும் விற்பார்கள். சின்ன லேபிள் அப்படியில்லை. நம் ஊரில் ஒரு குறிப்பிட்ட கடையில் வாங்கினால் புடவை சோடை போகாது என்பார்களே, அது மாதிரி.

சிகாகோவின் கிராங்கி 1993இல் தொடங்கியது. ஸ்டார்ஸ் ஆஃப் த லிட், டிம் ஹெக்கர், குரூப்பர் ஆகியோரின் முக்கியமான ஆல்பங்கள் அங்கேதான். இருட்டில் கேட்கிற வகை. மொன்றியலின் கான்ஸ்டலேஷன், காட்ஸ்பீடும் அதன் உறவுக்காரர்களும் இருக்கும் வீடு. லண்டனின் இரேஸ்டு டேப்ஸ் பியானோவும் மின்னிசையும் சேரும் இடம்: நில்ஸ் ஃபிராம், ஓலாவுர் ஆர்னல்ட்ஸ் இருவரின் பழைய ஆல்பங்கள் பலவும் அங்கே வந்தவை. போஸ்ட்-ராக்குக்கு டெம்பரரி ரெசிடன்ஸ். பிரிஸ்பேனின் ரூம்40 கொஞ்சம் கடினமான காதுகளுக்கு.

பிடித்த ஆல்பத்தின் லேபிளைக் கண்டுபிடித்து, அதே லேபிளில் அதற்கு முன்னும் பின்னும் வந்த இரண்டு ஆல்பங்களைக் கேளுங்கள். பிரபலமானதைத் தேடாதீர்கள், வரிசை எண்ணில் பக்கத்தில் இருப்பதை எடுங்கள். நான் இப்படித்தான் கிராங்கியில் குரூப்பரிடம் போய்ச் சேர்ந்தேன். லிஸ் ஹாரிஸ் என்ற ஒற்றைப் பெண். 2014இல் வந்த அவருடைய ‘ருயின்ஸ்’, பெரும்பாலும் போர்ச்சுகல் கிராமம் ஒன்றில் ஒரு பியானோ, ஒரு சின்ன ரெக்கார்டர் மட்டும் வைத்துப் பதிவானது. ஓரிடத்தில் ‘பீப்’ என்று ஒரு சத்தம் வரும். மின்சாரம் போய்த் திரும்பி வந்ததும் வீட்டு மைக்ரோவேவ் எழுப்பிய சத்தம். வெட்டாமல் விட்டுவிட்டார். மின்வெட்டில் வளர்ந்த நமக்கு அந்தப் பீப்பின் அருமை தனியாகவே தெரியும்.

ஐந்தாம் படி: பேண்ட்கேம்ப்பில் முகங்களைத் தட்டுங்கள்

பேண்ட்கேம்ப் தளத்தில் பல ஆல்பங்களை முழுதாக இலவசமாகக் கேட்டுவிட்டு, பிடித்தால் வாங்கலாம். ஆல்பம் பக்கத்தில் சின்னச் சின்னச் சதுரமாக முகங்கள் வரிசையாக இருக்கும். அலங்காரம் என்று நினைத்து நான் வெகுநாள் கவனிக்கவே இல்லை. அவர்கள் அந்த ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்கியவர்கள். ஒரு முகத்தைத் தட்டினால் அவர் வாங்கிய எல்லாமே தெரியும். நீங்கள் விரும்பும் மூன்று ஆல்பங்களையும் வாங்கியிருக்கும் ஒருவரைக் கண்டுபிடியுங்கள். அவருடைய நான்காவது ஆல்பம் உங்களுக்குப் பிடிக்க எல்லா வாய்ப்பும் உண்டு. முன்பின் தெரியாத ஆளின் புத்தக அலமாரி முன்னால் நின்று பார்ப்பது போலத்தான்.

குறிச்சொல்லில் ஆம்பியன்ட் என்று போட்டால் கடல். அதோடு ஊர்ப் பெயரைச் சேருங்கள். ரெய்க்யாவிக், மொன்றியல், பெங்களூரு, எதுவானாலும். கடல் குளமாகிவிடும்.

டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதத்தைத் தளம் எடுத்துக்கொள்ளும். 2020 மார்ச் 20இல் ஆரம்பித்து, வருடத்தில் சில வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறார்கள். வாங்குவதென்றால் அந்த வெள்ளிக்குச் சேர்த்துவைத்து வாங்குங்கள். ‘உங்கள் விலை’ என்று போட்டிருந்தால் பூஜ்யம்கூடப் போடலாம். நூறு ரூபாயாவது போடுங்கள் என்பது என் கட்சி.

ஆறாம் படி: மனிதர் தொகுக்கும் வானொலி

சான் பிரான்சிஸ்கோவின் சோமா எஃப்.எம். 2000இலிருந்து விளம்பரமே இல்லாமல், நேயர்களின் நன்கொடையில் ஓடுகிறது. அதன் ‘டிரோன் சோன்’ அலைவரிசையை இரவில் போட்டுவிட்டு, எது காதைத் திருப்புகிறதோ அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்; பெயர் திரையிலேயே இருக்கும். லண்டனின் என்.டி.எஸ். வானொலியில் பழைய நிகழ்ச்சிகள் பாடல் பட்டியலோடு கிடைக்கும். தொகுப்பாளர்களில் ஒருவர் உங்கள் ரசனைக்குப் பொருந்திவிட்டால் வருடக்கணக்கில் வேறு வழிகாட்டி வேண்டாம்.

நியாயமாகச் சொன்னால் இயந்திரமும் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. ஜப்பானின் ஹிரோஷி யோஷிமுரா 1982இல் தோக்கியோவின் ஹாரா அருங்காட்சியகத்தை மனதில் வைத்து ‘மியூசிக் ஃபார் நைன் போஸ்ட் கார்ட்ஸ்’ செய்தார். மிடோரி தகாடா 1983இல் மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் மரிம்பாவும் மணிகளும் வைத்து ஒரு ஆல்பம் செய்தார். ஜப்பானுக்கு வெளியே அவற்றை அறிந்தவர்கள் மிகக் குறைவு. பல பத்தாண்டுகள் கழித்து யூடியூப், யார் கேட்டார்களோ தெரியாது, இந்த இசையை எல்லார் முன்னாலும் நீட்டத் தொடங்கியது. இரண்டு ஆல்பங்களும் 2017இல் மறுபதிப்பு கண்டன. யோஷிமுரா அதைப் பார்க்க இல்லை, 2003லேயே போய்விட்டார்.

ஏழாம் படி: நம் பக்கத்துக் கதவு

கச்சேரியில் பாடகர் வருவதற்கு முன் தம்புராவை மட்டும் மீட்டிக்கொண்டிருக்கும் அந்த ஐந்து நிமிடம் பிடித்தவர் என்றால் உங்களுக்கு இந்த இசையில் பாதி ஏற்கெனவே தெரியும். இது ஒப்புமைக்காகச் சொன்னதும் இல்லை. அமெரிக்காவில் நீண்ட ஒற்றைச் சுர இசையை வளர்த்த லா மான்டே யங்கும் டெர்ரி ரைலியும் 1970 முதல் கிரானா கரானா என்ற இந்துஸ்தானி இசைப் பரம்பரையின் பண்டிட் பிராண் நாத்திடம் சீடராக இருந்தவர்கள்.

அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969லேயே மூக் சின்தசைசரோடு மின்னிசைக் கூடம் இருந்தது. அமைத்துத் தந்தவர் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர். கீதா சாராபாய் உள்ளிட்டோர் அங்கே நாடாக்களில் செய்த சோதனைகள் ஆவணக்கிடங்கில் தூங்கிக்கிடந்தன. கலைஞர் பால் பர்கஸ் தேடியெடுத்துத் தொகுத்து, 2023இல் ‘த என்.ஐ.டி. டேப்ஸ்’ என்று வெளிவந்தது. இதை ஒருமுறை கேட்டே ஆகவேண்டும். சில இடங்கள் குளிர்சாதனப் பெட்டி கனவு காண்பதைப் போல இருக்கும்.

இன்றைய குழுக்களில் அதே அகமதாபாத்திலிருந்து வந்த ஆஸ்வீகீப்சர்ச்சிங் (‘க்வாப்’, 2015, ‘ஸியா’, 2017), பெங்களூருவின் அன்டில் வீ லாஸ்ட் இரண்டிலிருந்தும் ஆரம்பிக்கலாம்.

எதை விடலாம்?

2005க்குப் பிறகு போஸ்ட்-ராக்கில் ஒரு வாய்பாடு வந்துவிட்டது. எதிரொலி (டிலே) போட்ட கிதார் மெல்லச் சொட்டும், டிரம்ஸ் நுழையும், ஐந்தாவது நிமிடம் எல்லாரும் சேர்ந்து வெடிப்பார்கள், கடைசியில் மறுபடி சொட்டு. மேலே ஒரு பனிமலைப் படம், அரைப் பக்கத்துக்குத் தலைப்பு. இதில் நல்லவை உண்டு, ஆனால் ஐந்து குழுக்களைக் கேட்டபின் ஆறாவது எப்போது வெடிக்கும் என்று கடிகாரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். அலுப்பு தட்டினால் வேருக்குப் போங்கள். டாக் டாக் குழுவின் ‘ஸ்பிரிட் ஆஃப் ஈடன்’, 1988. வெற்றிகரமான பாப் குழு, லண்டனின் வெசெக்ஸ் கூடத்தில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்து, வந்தவர்களையெல்லாம் மனம்போன போக்கில் வாசிக்கவிட்டு, அதில் சில வினாடிகளை மட்டும் பொறுக்கிச் சேர்த்த ஆல்பம். அதில் மௌனத்துக்குக்கூடப் பயிற்சி கொடுத்திருப்பார்கள் போல. அல்லது கென்டக்கியின் ஸ்லின்ட், ‘ஸ்பைடர்லேண்ட்’, 1991. ஆறே பாடல்கள், ஆல்பம் வெளிவரும்போது குழுவே கலைந்திருந்தது.

ஒரு புதிய பெயர் உண்மையான ஆளா என்ற சந்தேகம் வந்தால் நான் பார்ப்பவை: உடன் வாசித்தவர் பெயர் ஒன்றாவது இருக்கிறதா, எங்காவது மேடையில் வாசித்திருக்கிறாரா, ஒரே வருடத்தில் முப்பது ஆல்பம் போட்டிருக்கிறாரா. தனியாக வீட்டில் செய்பவர்கள் இந்த உலகில் ஏராளம், அதனால் முதல் இரண்டு இல்லாவிட்டாலும் மன்னிக்கலாம். மூன்றாவது இருந்தால் நகர்ந்துவிடுவேன்.

கடைசிப் படி: ஒரு நோட்டு

நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு போதும். ஒரு வரிக்கு ஒரு ஆல்பம்: பெயர், ஆண்டு, எங்கே பதிவானது, யார் மூலம் இங்கே வந்தேன். கடைசிதான் முக்கியம். ‘பாசின்ஸ்கி, டிஸின்டக்ரேஷன் லூப்ஸ், 2002. பழைய நாடாக்கள், ஓட ஓட உதிர்கின்றன. ஸ்டார்ஸ் ஆஃப் த லிட் வாங்கியவர் ஒருவரின் அலமாரியில் பார்த்தது’ என்கிற மாதிரி. வழி எழுதியிருந்தால் ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் போய் அடுத்த சந்தில் நுழையலாம்.

என் நோட்டின் முதல் பக்கத்தில் அந்தப் பென்டிரைவின் பதினொன்றும் வரிசையாக இருக்கின்றன. பத்துக்கு எதிரே பெயர் எழுதி அடித்தாயிற்று. ‘டிராக் 07, நான்கு நிமிடம் சொச்சம், தூரத்தில் மணி, நடுவில் யாரோ இருமுகிறார்கள்’ என்பதற்கு எதிரே இன்னும் காலியாகவே இருக்கிறது.